கடை திறந்திருக்கிறது, ஆள் ஏன் நிற்கவில்லை? இணையதளக் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

தஞ்சாவூர்ப் பக்கம் பாரம்பரிய அரிசி விற்கும் ஒரு குடும்பத்தின் இணையதளத்தை நான் பராமரிக்கிறேன். ஒருநாள் கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, சைட் நல்லாத்தானே இருக்கு, ஆர்டர் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" போய்ப் பார்த்தேன். அவர் மேசையில் இருந்த கணினியில் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வேகமான ஃபைபர் இணைப்பு, பெரிய திரை. தினமும் திறந்து பார்ப்பதால் படங்களையெல்லாம் பிரவுசர் முன்பே சேமித்து வைத்திருந்தது. போதாக்குறைக்கு, அவர் எப்போதும் நிர்வாகியாக உள்நுழைந்தே இருந்தார். அவர் பார்த்த தளத்தை அவருடைய வாடிக்கையாளர் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

தளத்துக்கு வருகிற யாரும் தளத்தைப் பார்க்க வருவதில்லை. கருப்புக் கவுனி கிலோ என்ன விலை, எங்கள் ஊருக்கு அனுப்புவார்களா, பொங்கலுக்கு முன்னால் வந்து சேருமா என்று ஏதோ ஒரு வேலையோடு வருகிறார்கள். அந்த வேலை முடிந்தால் அது நல்ல தளம். முடியாமல் போகும்போது அவர்கள் சொல்லும் குறை ஒன்றாக இருக்கும், பழுது வேறோர் இடத்தில் இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றை, வாடிக்கையாளர் வாயால் எப்படிச் சொல்வாரோ அந்தச் சொற்களிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வந்த புகார் எதுவோ அங்கே போய்ப் படியுங்கள்.

எதையும் தொடும் முன்

ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனை எடுங்கள், வீட்டில் இருப்பதிலேயே பழையதாக. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். பிரவுசரில் மறைநிலைச் சாளரம் திறங்கள். அதில்தான் நீங்கள் புது ஆள். வெளியே வெயிலில் நின்று தளத்தைத் திறங்கள். சாம்பல் நிற எழுத்து எத்தனை அழகாக இருந்தாலும் வெயிலில் மறைந்துவிடும் என்பது அப்போதுதான் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய அணுகல்தன்மை நெறிமுறை சொல்வது கண் மங்கியவர்களுக்காக எழுதப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் அதுவே உதவுகிறது.

இந்தச் சோதனையை முடிக்காமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். பாதிப் பழுதுகள் இதிலேயே முகம் காட்டிவிடும்.

"திறக்கவே ரொம்ப நேரமாகுது"

இந்தப் புகார் வந்ததும் பலரும் செய்வது ஹோஸ்டிங்கை (தளம் குடியிருக்கும் வாடகை இடத்தை) மாற்றுவது. பணம் செலவாகும், தளம் அப்படியே இருக்கும். "நேரமாகுது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு நோய்கள் இருக்கின்றன. எது முதலில் தெரிகிறது, எது தாமதமாக வருகிறது என்று கவனித்தால் பிரித்துவிடலாம்.

திரை வெகுநேரம் வெள்ளையாகவே இருந்து, பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்து விழுகிறதா? சர்வர் (தளம் குடியிருக்கும் கணினி) பதில் சொல்லத் தாமதிக்கிறது, அல்லது பக்க நிரலின் தலைப்பகுதியில் இருக்கும் ஸ்கிரிப்டுகள் (பக்கத்தோடு ஓடும் சிறு நிரல்கள்) வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சர்வர் அனுப்பும் முதல் பைட் (தரவின் சிறு துணுக்கு) 0.8 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் முதலில் பக்கச் சேமிப்பு வசதியை (ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்துவைத்துத் தரும் கேஷ்) இயக்குங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம் என்றால், பயன்படாத பிளகின்களை (கூடுதல் வசதிக்கான துணை நிரல்களை) ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஹோஸ்டிங்கைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

எழுத்தெல்லாம் வந்துவிட்டது, படம் மட்டும் மேலிருந்து கீழாக ஊர்ந்து வருகிறதா? படம் கனம். கடை அண்ணன் தளத்தில் இதுதான். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தார்: 4000க்கு 3000 புள்ளிகள், ஒவ்வொன்றும் 4 எம்பி. விநாடிக்கு 4 மெகாபிட் கிடைக்கிற இடத்தில் 4 எம்பி படம் ஒன்று இறங்க 8 விநாடி. முகப்பில் சுழலும் படங்கள் ஐந்து இருந்தன. ஐந்தும் இறங்க 40 விநாடி. பெரும்பாலான போன் திரைகளுக்கு அகலம் 1200 புள்ளி இருந்தால் போதும். அந்த அளவுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் அரிசிப் படம் ஒன்று பொதுவாக 100, 150 கேபிக்குள் அடங்கிவிடும். சுழலும் படங்களை எடுத்தேவிட்டோம். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை என்பது என் அனுபவம்.

படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் சோம்பல் ஏற்றம் நல்ல வசதி. அதை முகப்பின் முதல் படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். வந்தவர் பார்க்கவேண்டிய முதல் படமே கடைசியாக வருகிறது. முதல் திரையில் தெரியும் படத்துக்கு அதை எடுத்துவிடுங்கள்.

படம் வந்துவிட்டது, எழுத்து இருக்கவேண்டிய இடம் மட்டும் வெற்றிடமாக இருக்கிறதா? எழுத்துரு. பெரும்பாலான பிரவுசர்கள் வெளி எழுத்துருவுக்காக 3 விநாடி வரை எழுத்தைக் காட்டாமல் காத்திருக்கும். முதலில் போனில் இருக்கும் தமிழ் எழுத்துருவில் காட்டி, பிறகு மாற்றிக்கொள்ளும்படி அமைப்பில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மெலிந்தது, நடுத்தரம், தடித்தது, மிகத் தடித்தது என்று ஆறு எடைகளை இறக்கவும் வேண்டாம். இரண்டு போதும்.

எல்லாம் தெரிகிறது, தொட்டால் மட்டும் அசைய மறுக்கிறதா? ஜாவாஸ்கிரிப்ட் பாரம். அரட்டைப் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு, சமூக வலைப் பட்டன்கள் என்று பிறர் தளங்களிலிருந்து வரும் ஸ்கிரிப்டுகள் போனின் மூளையைப் பிடித்துவைத்திருக்கும். விலையுயர்ந்த போனில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் "இதனால் போன மாதம் என்ன கிடைத்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லாததை எடுத்துவிடுங்கள்.

அளவுகோல் வேண்டுமென்றால், கூகுள் வைத்திருக்கும் எல்லைகள் இவை: திரையின் மிகப்பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும், தொட்டதற்கான பதில் 200 மில்லிவிநாடிக்குள் வரவேண்டும். வருகைகளில் நூற்றுக்கு 75 இந்த எல்லைக்குள் இருக்கவேண்டும். இந்த இரண்டாவது அளவு 2024 மார்ச்சில் வந்தது. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் பார்க்கலாம். சிறு கடைகளுக்கு அதில் உண்மையான வருகையாளர் கணக்கு பெரும்பாலும் வராது, ஆய்வகச் சோதனை மட்டும்தான் வரும். அதில் 100 மதிப்பெண் வாங்கப் போராடாதீர்கள். பழைய போனில் உங்கள் கண் பார்ப்பதுதான் கணக்கு.

"படிச்சிட்டிருக்கும்போதே நகர்ந்து போகுது, வேற எதையோ தொட்டுட்டேன்"

படத்துக்கும் விளம்பரத்துக்கும் நீள அகலம் குறிக்காமல் விட்டால் இது நடக்கும். படம் வந்து இறங்கியதும் கீழே இருப்பதையெல்லாம் தள்ளிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அளவைக் குறித்துவிட்டால் பிரவுசர் முன்பே இடம் ஒதுக்கிவைக்கும். தவறாகத் தொடுவது இதைச் சரிசெய்த பிறகும் நடந்தால், பட்டன்கள் சிறியவை அல்லது நெருக்கமானவை. ஆண்ட்ராய்டு 48 அலகு, ஆப்பிள் 44 அலகு என்று பரிந்துரைப்பது விரலின் அளவை வைத்துத்தான்.

"எழுத்து சரியா வரல"

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய பகுதி இது. "சரியா வரல" என்றதும் உடனே ஒரு திரைப்பிடிப்பு அனுப்பச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்பதிலேயே காரணம் இருக்கும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எழுத்துகள் சரியாக வந்து சேர்ந்துவிட்டன, அவர் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பழைய கணினிகளிலும் சில மலிவான கருவிகளிலும் மட்டுமே இன்று பார்க்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைத் தளத்தோடு சேர்த்து அனுப்பினால் போதும்.

தலையில் சாய்கோடு வைத்த சிறிய ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி வட்டம் என்று வரிசையாக வந்தால் கவலைப்படாதீர்கள், எதுவும் தொலையவில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த மூன்றையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறையில் தனித்தனியாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதி, சர்வர் அனுப்பும் தகவல், தரவுத்தள இணைப்பு மூன்றும் யுடிஎஃப்-8 என்றே சொல்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதில்தான் விட்டுப்போயிருக்கும்.

கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு. தமிழை ஏற்காத தரவுத்தள அட்டவணைக்குள் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. காட்டும் இடத்தில் எதைத் திருத்தினாலும் திரும்பாது. யாரும் புதிதாக எதையும் சேமிக்காதபடி முதலில் நிறுத்துங்கள், அட்டவணையின் எழுத்து முறையை மாற்றுங்கள், காப்புப் பிரதியிலிருந்து மீளுங்கள். ஒரு கேள்விக்குறியைப் பார்த்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளர்களின் முகவரிகள் அழிந்துகொண்டிருக்கும்.

பொருளில்லாத ஆங்கில எழுத்துகளைக் கோத்ததுபோல் வந்தால், உள்ளடக்கத்தை அச்சகத்திலோ டிடிபி கடையிலோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்திருக்கிறார்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கும்; எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். மாற்றிக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோடைத் தமிழ்நாட்டு அரசு ஏற்று 2010 ஜூனிலேயே ஆணை பிறப்பித்துவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் ஏற்றப்படும் ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பும் தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் (பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்) தமிழே இல்லை.

புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றில் ஒற்றைக் கொம்போ துணைக்காலோ தொங்கினால், எழுத்தை நடுவில் வெட்டியிருக்கிறீர்கள், அல்லது தட்டச்சு வரிசை பிறழ்ந்திருக்கிறது. "தேன்" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது தகரம், இரட்டைக் கொம்பு, னகரம், புள்ளி என்று நாலு குறி. "முதல் 3 எழுத்தைக் காட்டு" என்று நிரலில் எழுதினால் "தேன" என்று வரும். செய்திச் சுருக்கங்களிலும் பொருள் பெயர்களிலும் கடைசிப் புள்ளி காணாமல் போவது இதனால்தான். சொல் முடியும் இடத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

இதே கணக்குதான் குறுஞ்செய்தியிலும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்றால், தமிழில் 70 குறி. "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்பதை நீட்டி எழுதினால் ஒன்று இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, கட்டணமும் அப்படியே ஏறும்.

எழுத்து சரியாக வந்தும் படிக்கக் கடினம் என்கிறார்களா? வரி இடைவெளியைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் தமிழை நிரப்பினால் மேல்வரியின் "கு", "ளு" கால்கள் கீழ்வரியின் "கி", "ளீ" கொக்கிகளை இடிக்கும். எழுத்தளவைப்போல் 1.6, 1.7 மடங்கு வைத்தால் கண்ணுக்கு இதம். உயரம் நிலையாகக் குறிக்கப்பட்ட பட்டன்களில் எழுத்தின் கால் வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பக்கத்தின் மொழி "தமிழ்" என்று நிரலில் அறிவித்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் சொல்லும்வரை இந்த ஒற்றை வரியை நான் கவனிக்காமல் இருந்தேன். அன்றுமுதல் எந்தத் தளத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"தேடினா இல்லைன்னு சொல்லுது"

அண்ணன் கடையில் கருப்புக் கவுனி எப்போதும் இருப்பில் இருக்கும். தேடலில் மட்டும் கிடைக்காது. தேடல் பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். பொருளின் பெயரைத் தளத்தில் "கருப்புக் கவுனி" என்று ஒற்று மிகுத்துச் சரியாக எழுதியிருந்தார்கள். தேடியவர்கள் "கருப்பு கவுனி", "கறுப்பு கவுனி", "கவுணி அரிசி" என்றெல்லாம் அடித்திருந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தவர்கள் அதைவிட அதிகம். எல்லோருக்கும் ஒரே பதில்: பொருள் எதுவும் இல்லை. கடைக்கு நேரில் வந்து "கவுணி இருக்கா?" என்று கேட்டிருந்தால் அண்ணன் எடுத்துத் தந்திருப்பார்.

ஒவ்வொரு பொருளுக்கும் மறைவாக ஒரு சொற்பட்டியல் வையுங்கள். மக்கள் எழுதும் எல்லா வடிவங்களும், பிழைகள் உட்பட, ஆங்கில எழுத்து வடிவங்கள் உட்பட அதில் இருக்கட்டும். பிழையாக எழுதியவரைத் திருத்துவது தளத்தின் வேலையில்லை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருப்பதும் உண்டு. "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். "ஸ்ரீ" என்பதற்கும் இரண்டு குறியீட்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வகைக்கு, தேடும் சொல்லையும் தரவையும் யுனிகோடின் இயல்பாக்க முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடச் சொன்னால் தீரும். "ஸ்ரீ" அதில் தீராது, நீங்களே இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை, விடை கிடைக்காத தேடல்களை மட்டும் எடுத்துப் படியுங்கள். எந்தக் கருவியும் தராத தகவல் அதில் இருக்கும். தூயமல்லி அரிசியை அண்ணன் விற்கத் தொடங்கியதே அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

"எல்லாம் எழுதினேன், ஃபார்ம் போகமாட்டேங்குது"

முதல் சந்தேகம் பெயர்ப் பெட்டியின் மேல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். "கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது 3 எழுத்து" என்று கேட்கும் படிவத்தின் முன்னால் மு. செல்வி என்ன செய்வார்? புள்ளி வைத்துப் பார்ப்பார், பெயரையே இரண்டு முறை எழுதிப் பார்ப்பார், போய்விடுவார். "பெயர்" என்று ஒரே பெட்டி போதும்.

தமிழில் பெயர் எழுதினால் மறுக்கிறதா? இதில் நிரலாளர்கள் பலரும் தெரியாமல் விழும் குழி ஒன்று இருக்கிறது. "எழுத்துகளை மட்டும் ஏற்றுக்கொள்" என்று விதி எழுதியிருப்பார்கள். யுனிகோடு கணக்கில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகை இல்லை, குறி வகை. அதனால் "கமல" என்றால் ஏற்கும், "கமலா" என்றால் "தவறான பெயர்" என்று சொல்லும். தன் பெயரையே தவறு என்று சொல்லும் கடைக்கு யார் மறுபடி வருவார்கள்? விதியில் குறி வகையையும் சேருங்கள். என்னைக் கேட்டால், பெயருக்கு விதியே வேண்டாம்.

அடுத்து தொலைபேசி எண். முன்னால் 0 போட்டு எழுதுவார்கள், கூட்டல் 91 போடுவார்கள், ஐந்து ஐந்தாக இடைவெளி விடுவார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு நீங்கள் சுத்தப்படுத்துங்கள். அந்தப் பெட்டியைத் தொட்டதும் எண் விசைப்பலகை வரவேண்டும். ஐபோனில் பெட்டியைத் தொட்டவுடன் பக்கம் திடீரென்று பெரிதாகிறது என்றால், பெட்டிக்குள் எழுத்தளவு 16க்குக் கீழே இருக்கிறது.

பிழை வந்தால் எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று அந்தப் பெட்டிக்குக் கீழேயே தமிழில் சொல்லுங்கள். "6 இலக்க அஞ்சல் குறியீடு வேண்டும், 5 இருக்கிறது" என்பதைப்போல. ஒரு பிழைக்காகப் படிவம் முழுவதையும் அழித்துவிடும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் ஒற்றை விரலால் நாலு வரி முகவரியை அடித்து முடித்த பிறகு அது அழிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் எதுவும் சொல்லவில்லை, போனைக் கீழே வைத்துவிட்டார்.

"பணம் போயிடுச்சு, ஆர்டரைக் காணோம்"

உடனடியாகக் கவனிக்கவேண்டிய புகார் இது. யுபிஐயில் பணம் கட்டும்போது வாடிக்கையாளர் பிரவுசரை விட்டு வேறொரு செயலிக்குப் போகிறார். நினைவகம் குறைந்த போன் அந்த நேரத்தில் பிரவுசரை மூடிவிடும். பணம் கட்டியாகிவிட்டது, திரும்பி வர பக்கம் இல்லை. "திரும்பி வந்தால்தான் ஆர்டர் பதிவாகும்" என்று தளத்தை எழுதியிருந்தால், பணம் வந்தும் ஆர்டர் பதிவாகாது.

பணப் பரிமாற்றச் சேவை உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பு ஒன்று இருக்கிறது, வெப்ஹுக் என்பார்கள். ஆர்டரை உறுதிசெய்ய வேண்டியது அதை வைத்துத்தான். பணம் கட்டப் போகும் முன்பே ஆர்டரை "காத்திருக்கிறது" என்ற நிலையில் பதிந்துவிடுங்கள், அறிவிப்பு வந்ததும் "உறுதி" ஆக்குங்கள். அறிவிப்பு இரண்டு முறை வந்தாலும் ஆர்டர் ஒன்றாகவே இருக்கும்படி ஆர்டர் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

இடைப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளருக்கு என்ன காட்டுகிறீர்கள் என்பது அதே அளவு முக்கியம். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தால் பதறி இன்னொரு முறை கட்டிவிடுவார். "பணம் வந்துவிட்டதா என்று பார்க்கிறோம், மறுபடி கட்டவேண்டாம், உங்கள் ஆர்டர் எண் இது" என்று காட்டுங்கள். கணக்கில் பிடித்தும் வணிகருக்கு உறுதி வராத யுபிஐ தொகை, பரிமாற்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. இதையும் அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டதோ என்று பயந்து நிற்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

"எழுதிக் கேட்டேன், பதிலே வரல"

உங்கள் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். தொடர்புப் படிவம் அனுப்பும் மின்னஞ்சலில், அனுப்புநர் முகவரியாக வாடிக்கையாளரின் ஜிமெயிலைப் போட்டிருப்பார்கள். உங்கள் சர்வர் ஜிமெயில் பெயரில் கடிதம் அனுப்பினால் அது போலிக் கடிதமாகவே தெரியும். அனுப்புநராக உங்கள் டொமைன் (தளத்தின் பெயர்) முகவரியையும், பதில் போகவேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் முகவரியையும் வையுங்கள். டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) இருக்கவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் ஜிமெயிலுக்கு அனுப்பமுடியாது. தொலைபேசி எண்ணைப் படமாகப் போடாமல், தொட்டால் அழைப்பு போகும்படி வையுங்கள்.

"பாதுகாப்பு இல்லைன்னு காட்டுது, பயமா இருக்கு"

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது. எச்டிடிபிஎஸ் (அந்தச் சான்றிதழால் பூட்டிய இணைப்பு) இல்லாத தளங்களை 2018 ஜூலையிலிருந்து குரோம் "பாதுகாப்பற்றது" என்று குறிக்கிறது. காலாவதியான சான்றிதழுக்கு முழுத்திரை எச்சரிக்கையே வரும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தந்துவரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள், தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்கவேண்டும். எந்த நிறுவனத்தின் சான்றிதழானாலும் 2029 மார்ச்சுக்குள் உச்ச ஆயுள் 47 நாளாகக் குறையப்போகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

"கூகுள்ல தேடினா உங்க கடை வரமாட்டேங்குது"

வேர்ட்பிரஸ் அமைப்பில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். முதலில் அதைப் பாருங்கள். பிறகு கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் உங்கள் பக்கங்கள் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தளத்தைப் புதிதாகக் கட்டியபோது பழைய முகவரிகளை மாற்றியிருந்தால், ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்று வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ பகிர்ந்த பழைய இணைப்பைத் தொடுபவருக்கும் அதுதான் வழி.

இவையெல்லாம் சரி என்றால், உங்கள் விலைப்பட்டியல் படமாக இருக்கிறதா? நோட்டீஸ் அடித்த வடிவமைப்பாளர் கொடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடும் வழக்கம் சிறு கடைகளில் நிறைய. உள்ளே இருக்கும் விலையைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்காது, திரைவாசிப்பான் படிக்காது, கண் தெரிந்தவரும் போனில் இரண்டு விரலால் விரித்து விரித்துத்தான் படிக்கவேண்டும். எழுத்தாக அடித்துப் போடுங்கள். அரை நாள் வேலை.

"கூடையில போடுறாங்க, வாங்காம போயிடுறாங்க"

கடைசிப் பக்கத்தில் புதிதாக என்ன தொகை சேர்கிறது என்று பாருங்கள். 120 ரூபாய் அரிசிக்கு 90 ரூபாய் அனுப்புச் செலவு என்பதை முகவரி எல்லாம் எழுதி முடித்த பிறகு சொன்னால், வந்தவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அஞ்சல் குறியீட்டை மட்டும் கேட்டு, பொருள் பக்கத்திலேயே மொத்தத் தொகையைக் காட்டுங்கள். அண்ணன் தயங்கினார். "முன்னாடியே சொன்னா ஓடிப்போயிடுவாங்களே, தம்பி?" ஓடுகிறவர் எப்படியும் கடைசிப் பக்கத்தில் ஓடுகிறார், கோபத்தோடு. முன்னாலேயே தெரிந்தவர் 1 கிலோவுக்குப் பதில் 5 கிலோ வாங்குவதைப் பிறகு அவரே பார்த்தார்.

விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது இந்தியாவில் சட்டப் பிரச்சினையும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறை 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இதுவும் அதில் ஒன்று. "இன்னும் 2 மட்டுமே" என்ற பொய்யான அவசரம், கேட்காமல் கூடையில் சேர்க்கும் பொருள், சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் இருக்கும் சந்தா ஆகியவையும் அதில் உண்டு. கடையில் நேருக்கு நேர் நின்று செய்யக் கூசுகிற எதையும் தளத்தில் செய்யாதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாங்குமுன் கணக்கு தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறீர்களா என்றும் பாருங்கள். பெயர், எண், முகவரி இருந்தால் அரிசியை அனுப்பிவிடலாம்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, என்னமோ தெரியல"

மேலே உள்ள எதிலும் அகப்படாவிட்டால், ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000இல் சொன்ன எண்ணிக்கை இது. பெரும்பாலான சிக்கல்கள் ஐந்து பேருக்குள் வெளிவந்துவிடும் என்றார். தளத்தை முன்பே பார்த்திராதவர்களாக இருக்கட்டும். போனைக் கையில் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். "அங்கே இல்லை, மேலே பாருங்க" என்று சொல்லத் தோன்றும் நொடியில்தான் பழுது இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் அம்மாவிடம் போனைக் கொடுத்து, "2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்குங்கம்மா" என்றோம். பொருளைக் கண்டுபிடித்துவிட்டார். படத்தில் 5 கிலோ பை. கீழே ஒரு விலை. "இது பைக்கா, கிலோவுக்கா?" என்று கேட்டார். "1 கிலோ" என்பது சாம்பல் நிறத்தில், எறும்பளவில் இருந்தது. மூன்று பேராக இரண்டு ஆண்டாக அந்தப் பக்கத்தைப் பார்த்துவருகிறோம், எங்கள் கண்ணில் படவில்லை. அடுத்து எதைத் தொடுவது என்று தெரியாமல் விரல் நின்றது. சொல் எதுவும் இல்லாமல் ஒரு சிறிய தள்ளுவண்டிப் படம்தான் பட்டனாக இருந்தது. "இந்த வண்டி எதுக்குப்பா?"

விலையை "1 கிலோ" என்பதோடு ஒரே வரியில், ஒரே அளவில் வைத்தோம். படத்தை 1 கிலோ பைக்கு மாற்றினோம். தள்ளுவண்டி இருந்த இடத்தில் "கூடையில் சேர்" என்று எழுதினோம். அடுத்த வாரம் அதே போனை அதே அம்மாவிடம் கொடுத்தோம். 2 கிலோவைக் கூடையில் போட்டார், முகவரி எழுதினார், நிமிர்ந்து பார்த்தார். "தூயமல்லி பழசு இருக்கா, புதுசா?" என்று அண்ணனிடம் கேட்டார்.